அச்சுக்குப் போகாத கோட்டை

எங்கள் வட்டாரப் பத்திரிகையாளர் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது. ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று இப்போது பொறுப்பில் இருக்கும் இளைஞர்கள் கேட்டார்கள். மறக்க முடியாத செய்தி எது என்பது தலைப்பு. மற்றவர்கள் வெள்ளம், தேர்தல், ரயில் விபத்து என்று எழுதுவார்கள். நானும் அவற்றையெல்லாம் எழுதியவன்தான். பழைய பேப்பர் கட்டுகளில் தேடினால் கிடைக்கும். நான் இங்கே சொல்லப்போவது அந்தக் கட்டுகளில் இல்லை. எழுதி முடித்து, பக்கத்தில் இடமும் ஒதுக்கிய பிறகு நிறுத்தப்பட்ட ஒரு கட்டுரை அது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஓர் ஊரின் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

நிருபராவதற்கு முன்னால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எழுத்தராக இருந்தேன். மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர் செய்யும் யூனிட். சூளையிலிருந்து எத்தனை இறங்கியது, எத்தனை தேறியது, எத்தனை கழிந்தது என்று எழுதுவது வேலை. யூனிட் நொடித்ததும் ஒரு நாளிதழின் விருத்தாசலம் பகுதிநேர நிருபரானேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. செய்தியை எழுதிக் கவரில் போட்டு, கடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். மறுநாள் பேப்பரில் எது மிஞ்சியிருக்கிறது, எது வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு ஃபேக்ஸ் வந்தது, அதன் பிறகு மின்னஞ்சல். வெட்டுகிற கை மட்டும் மாறவில்லை.

அந்தக் கை ஞானப்பிரகாசம் சாருடையது. கடலூர் அலுவலகத்தின் பொறுப்பாளர். டீ குடிக்க மாட்டார், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருப்பார். பேனாவின் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் சிவப்பு ரீஃபிலால் திருத்துவார். டீக்கடைப் பையன் முதல் ஆட்சியர் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். ஒரு செய்தி நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'போகட்டும்' என்பார். அதுவே பாராட்டு.

அவருக்கு ஒரு விதி உண்டு. செய்தியில் வருகிற ஆளுக்குப் பெயர், வயது, ஊர் மூன்றும் வேண்டும். படமாக இருந்தாலும் அப்படித்தான். முகம் தெரிந்தால் மூன்றும் தெரிய வேண்டும். ஊர் இல்லாமல் அனுப்பினால் போன் வரும். "எந்த ஊரு?" என்று மட்டும் கேட்பார். விசாரிக்கவில்லை என்றால், "விசாரிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவார். ஒருமுறை இது எதற்கு என்று கேட்டேன். நம் பேப்பரைக் காசு கொடுத்து வாங்குகிறவன் உலக நடப்புக்காக வாங்கவில்லை, தன் ஊர்ப் பெயர் எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் வாங்குகிறான் என்றார். உண்மைதான். ஓர் ஊரின் பெயர் வந்த அன்று அந்த ஊருக்கு இரண்டு கட்டு கூடுதலாகப் போகும்.

இரண்டாயிரத்து நான்கு அல்லது ஐந்தாக இருக்கலாம். ஜங்ஷன் ரோட்டில் ஒரு கடையின் மாடியில் என் அலுவலகம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அண்ணன் தம்பி. ஸ்ரீமுஷ்ணம் தாண்டி ஒரு கிராமத்துக்காரர்கள். பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மெதுவாகப் பேசினார். சின்னவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். தங்கையைக் காணவில்லை என்று விளம்பரம் போட வேண்டும் என்றார்கள். ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றைப் பெரியவர் மேசையில் வைத்தார். பெண்ணின் பெயர் தனலட்சுமி. பீங்கான் பேட்டையில் வேலை பார்த்தவள். அங்கே சூளை அடுக்குகிற ஒரு பையனோடு போய்விட்டாள். பையன் வேறு ஆட்கள்.

காணவில்லை விளம்பரத்துக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீது வேண்டும். அது நடைமுறை. கேட்டேன்.

"ஸ்டேஷனுக்கெல்லாம் போவல சார்" என்றார் பெரியவர். "எங்க வூட்டுப் பொண்ணு. எந்த ஊருல இருக்குதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்."

கோபமே இல்லாமல், பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கேட்பதுபோல அதைச் சொன்னார். ரசீது இல்லாமல் முடியாது என்றேன். வற்புறுத்தவில்லை. படத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போயிட்டு வரோங்க என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். பெண்ணின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததை நான் பார்த்திருந்தேன். படத்தில் எதையாவது ஒன்றை நினைவில் வைப்பது தொழில் பழக்கம்.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஞானப்பிரகாசம் சார் கூப்பிட்டார். கடலூருக்கு வடக்கே கடற்கரையில் கோட்டை மாதிரி ஒரு பங்களா இருக்கிறது, அதில் வெளியூர்க்காரர்களைத் தங்க வைத்துக் காலையில் பலகாரமும் போடுகிறார்கள், ஓர் இரவு தங்கி ஞாயிறு இணைப்புக்கு எழுதுங்கள் என்றார். உரிமையாளர் விருத்தாசலத்துக்குப் பக்கத்து மங்கலம்பேட்டைக்காரர், அதனால் உங்கள் பகுதிக் கணக்கிலும் சேரும் என்றார். அவர் சொன்னவற்றில் நகைச்சுவைக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கிச் சவுக்குத் தோப்பு வழியாக நடந்தேன். மழை விட்டிருந்தது. தோப்பு முடிந்த இடத்தில் கோட்டை நின்றது. நான்கு மூலையிலும் வட்டக் கோபுரங்கள். உச்சியில் பல் பல்லாகக் கைப்பிடிச் சுவர். வாசலுக்கு மேலே வளைவு. சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துக் கருங்கல் போலக் கோடு போட்டிருந்தார்கள். உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்து உள்ளே இருந்த செங்கல் தெரிந்தது. கிழக்கே மதில் கிடையாது. கடல் அதைத் தின்றுவிட்டிருந்தது. மதிலின் அடிவாரம் மட்டும் ஈர மணலில் ஒரு கோடாகக் கிடந்தது.

உரிமையாளர் கமால் பாய். அறுபதை நெருங்கியவர். வளைகுடாவில் கட்டடக் கம்பெனியில் போர்மேனாக இருந்து திரும்பியவர். கோட்டையின் வரைபடம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். மூடியில் ஏதோ வெளிநாட்டுக் கோட்டையின் படம் இருந்தது. அதைக் கொத்தனாரிடம் காட்டியிருக்கிறார்.

"அந்தாளு கோயில் மதிலா கட்டிப் பழகினவரு. கோபுரத்துல பொம்மை வைக்கலீங்களான்னு கேட்டாரு" என்றார் பாய். "இப்ப பாருங்க, ராஜாவும் நான்தான், வாசல்ல நிக்கிற காவக்காரனும் நான்தான்."

மனைவி இறந்துவிட்டார். மகள்கள் வெளிநாட்டில். இவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்க முடியாமல்தான் அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார். வார இறுதியில் புதுச்சேரியிலிருந்து ஆட்கள் வருவார்களாம். நான் போனது வார நாள், மழைக்காலம். என்னைத் தவிர யாரும் இல்லை. மேற்குக் கோபுரம் ஒன்றில் வட்ட அறை கொடுத்தார். வட்ட அறையில் சதுரக் கட்டிலைப் போட்டால் நான்கு பக்கமும் பயன்படாத இடம் மிஞ்சுகிறது. மெத்தை ஈரம் கோத்திருந்தது. சன்னல் கம்பி துருப்பிடித்து, தொட்டால் கையில் சிவப்பாக ஒட்டியது. குறிப்பெடுத்துக்கொண்டேன். கட்டுரையில் எதையெல்லாம் சொல்லாமல் விட வேண்டும் என்பதற்கும் குறிப்பு வேண்டும்.

காலையில் கடலைப் பார்த்த வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். இடியாப்பம், தேங்காய்ப் பால், ரொட்டி, ஆம்லெட். வேலைக்காரப் பெண் பரிமாறினாள். பாய் அவளை மேரி என்று கூப்பிட்டார். மேசையும் கடலும் சேர்ந்து வருமாறு இரண்டு படங்கள் எடுத்தேன். படத்தில் பாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் தட்டோடு நின்றாள்.

பிறகு டீ ஊற்ற வந்தாள். தட்டில் கவிழ்த்திருந்த கோப்பைகளில் ஒன்றை எடுத்து, விளிம்பை நகத்தால் சுண்டினாள். சத்தம் மொத்தென்று வந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைச் சுண்டினாள். மணி போல ஒலித்தது. அதில் ஊற்றினாள். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

எங்கள் யூனிட்டில் சூளை இறங்கியதும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சுண்டிக் காதில் வாங்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் சத்தத்தில் தெரியும். சுண்டுகிற அந்த விரல், அந்த வேகம், விருத்தாசலம் பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் வருவது. முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் தழும்பு.

பாய் போன் பேச உள்ளே போயிருந்தார்.

"பேட்டையில எந்த யூனிட்டும்மா?" என்று கேட்டேன்.

டீ கோப்பையிலிருந்து வழிந்து தட்டில் ஓடியது. "நீங்க எந்த ஊருங்க?" என்றாள். சொன்னேன். தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் கணவன் வந்து, பின்பக்கம் வர முடியுமா சார் என்று கேட்டான். சேவியர் என்று பெயர். அங்கே தோட்டமும் மோட்டாரும் அவன் பொறுப்பு. பின்னால் அவர்களுக்கு ஓர் ஓட்டு அறை இருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் அண்ணன்களின் ஆள் இல்லை என்று முதலில் சொன்னேன். அவர்கள் என் அலுவலகத்துக்கு வந்ததையும் சொன்னேன். மறைப்பது சரியென்று படவில்லை.

"யாரு வந்தாங்க? பெரியவரா?"

"ரெண்டு பேரும்."

"சின்னவருமா?" என்றாள். சின்ன அண்ணன்தான் அவளைத் தினமும் சைக்கிளில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவார் என்று சேவியர் சொன்னான். அந்தப் புருவத் தழும்பே அந்தச் சைக்கிளிலிருந்து விழுந்ததுதானாம்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, எழுதுங்க, வேணாங்கல. அந்தப் போட்டோவுல நான் இருந்தா எடுத்துடுங்க. ஊரு பேரு வந்துடக் கூடாது."

படத்தைப் போடமாட்டேன் என்று சொன்னேன். கூடவே, கமால் பாயிடம் விஷயத்தைச் சொல்லிவைப்பது நல்லது என்றேன். யாராவது விசாரித்து வந்தால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. சேவியருக்கும் அதே எண்ணம் இருந்ததுபோலத் தெரிந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"பாய் நல்லவருதாங்க. நல்லவருங்கறதாலதான் சொல்ல வேணாங்கறேன். அவரு சொந்தக்காரங்க கடையிலதான் எங்க அண்ணனுங்க ஒரமும் வெதையும் வாங்குறது. தெரிஞ்சுதுன்னு வச்சுக்குங்க, சமாதானம் பேசி வைக்கிறேன்னு கெளம்பிடுவாரு. சமாதானம் பேசுறவங்கதான் எடத்தக் காட்டிக் குடுக்கறது."

அவள் சொன்னதுபோல நடந்த இரண்டு செய்திகளை நானே எழுதியிருந்தேன். சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பாய் வாசல் வரை வந்து வழியனுப்பினார். மேரியின் இடியாப்பத்தைப் பற்றி இரண்டு வரி அதிகமாகப் போடச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிக் கட்டுரை எழுதினேன். கோபுரம், கடல், பிஸ்கட் டின், பாய். படமாகக் கோபுரத்தை மட்டும் வைத்தேன். ஞானப்பிரகாசம் சாரிடமிருந்து போன் வந்தது. காலைப் பலகாரம் போடுகிற இடத்தைப் பற்றிய கட்டுரையில் பலகாரமும் இல்லை, ஆளும் இல்லையே என்றார். போனில் சொல்ல முடியாது என்றேன். கடலூருக்கு வரச் சொன்னார்.

நேரில் சொன்னேன். ரீஃபிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பெண் மேஜரா, திருமணம் பதிவானதா, இருவரையும் நானே பார்த்தேனா, இதெல்லாம் கேள்விகள். அண்ணன்மார் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லச் சொல்லி இரண்டுமுறை கேட்டார். ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி ஆற்றிக் குடித்தார்.

கோபுரப் படத்தோடு போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"பேப்பரைப் பாத்துட்டு மங்கலம்பேட்டையிலேர்ந்து பத்துப் பேரு சுத்திப் பாக்கப் போவாங்க. அதுல ஒருத்தன் பாத்தா போதும்" என்றார். "கோட்டையை யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாங்க. அப்பறம் எழுதிக்கலாம்." பக்க வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் சமையல் குறிப்பைப் போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கமால் பாய் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். "ஆம்லெட்டு சரியில்லையா சார்?" என்று கேட்டார். பக்கம் மாறிவிட்டது, இடமில்லை என்றெல்லாம் சமாளித்தேன். பரவாயில்லை சார், நமக்கு நாமேதான் விளம்பரம் செஞ்சுக்கணும்போல இருக்குது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பேச்சு முடிகிற அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு ஒரு சாலை மறியலுக்காக மங்கலம்பேட்டை போயிருந்தேன். மறியல் முடிந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். சுவரில் புது வருஷத்துக் காலண்டர். மேல் பாதியில் கோட்டைப் படம். வராந்தா, மேசை, பின்னால் கடல், நாற்காலியில் பாய், பக்கத்தில் தட்டோடு அரைவாசி திரும்பிய பெண். நான் எடுத்த படம் இல்லை. ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்திருக்கிறார். நான் நின்ற அதே இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார், வேறு இடத்தில் நின்றால் கடல் வராது. முகம் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அவளைத் தேடுகிறவர்களுக்கு அது போதும். படத்துக்குக் கீழே கோட்டைக்கு வரும் வழியும் போன் எண்ணும் அச்சாகியிருந்தன.

எத்தனை கடையில் கொடுத்திருக்கிறார் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். பாய் சொந்தக்காரங்க கடைகள் எல்லாத்துலயும் இருக்குது, உரக்கடையில வாங்குறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்குறாங்க என்றார்.

வெளியே வந்து பாய்க்குப் போன் செய்தேன். மேரியை உடனே கூப்பிடச் சொன்னேன்.

"மேரி இல்லீங்களே சார். நேத்துக் காலையில போயிட்டாங்க. அண்ணனுங்க வந்திருந்தாங்க."

பிறகு அவராகவே முழுதும் சொன்னார். முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் இரண்டு பேர் வந்து அறை கேட்டிருக்கிறார்கள். காலண்டர் பார்த்து வந்தோம் என்றிருக்கிறார்கள். நம்ம பக்கத்து ஆட்கள் என்று பாய் மகிழ்ந்துபோய் நல்ல அறையாகக் கொடுத்திருக்கிறார். சேவியர் விடிந்ததும் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கழற்றி எடுத்துக்கொண்டு கடலூர் போய்விட்டான். விருந்தாளிகள் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். மேரி டீ கொண்டுவந்தாள்.

"அப்பத்தான் சார் பாத்துச்சு. கப்பு கீழ விழுந்திருச்சு. சின்னவரு குனிஞ்சு துண்டு துண்டா பொறுக்கினாரு. அம்மா மவுத்தாயிட்டாங்களாம். சாவறப்ப இது பேரத்தான் சொன்னாங்களாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துட்டுப் போம்மான்னாங்க. மூணு பேரும் அழுதாங்க சார். எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. என் காரக் குடுத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அனுப்பி வச்சேன்."

சாப்பிட்டார்களா என்று எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. நிருபர்களுக்குத் தேவையில்லாத கேள்வியும் வாயில் வந்துவிடும்.

"சாப்பிட்டாங்க சார். அதுதான் பரிமாறிச்சு."

ஞானப்பிரகாசம் சாருக்குப் போன் செய்தேன். நடந்தது முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்த அம்மா செத்தது உண்மைதானான்னு முதல்ல பாருங்க. இப்பவே போங்க."

விருத்தாசலம் வந்து ஸ்ரீமுஷ்ணம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஒரு டவுன் பஸ்ஸில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். மழையில் பயிர் சேதம் பற்றி எழுத வந்திருப்பதாகச் சொல்லி, நிறுத்தத்துக் கடையில் பெரியவரின் வீட்டை விசாரித்தேன். அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டேனே என்றேன். யாரு சொன்னது, காலையிலகூட ரேஷன் கடைக்கு வந்துட்டுப் போச்சே என்றார் கடைக்காரர்.

வீட்டு வாசலில் சாக்கு விரித்து ஒரு அம்மாள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். பருப்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். இடது புருவத்தைத் தவிர அதே முகம். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். ரெண்டு பேரும் வெளியூரு போயிருக்காங்க, எங்கன்னு சொல்லல என்றார். பயிரைப் பற்றி நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"பிள்ளைங்க எத்தினி பேரும்மா?"

"ரெண்டு. ரெண்டும் பையன்."

சொல்லிவிட்டு மல்லாட்டை உடைப்பதைத் தொடர்ந்தார். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொன்னேன். கடலோரத்தில் ஒரு பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தது, தன் அம்மா இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு நேற்று அழுதுகொண்டு கிளம்பியது, கூட்டிக்கொண்டு போனது அதன் அண்ணன்மார் என்றேன்.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் செத்துட்டேன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் கையில் இருந்த பருப்பைத் தோல் குவியலில் போட்டார். தவறாகப் போட்டதைத் தேடி எடுக்கவும் இல்லை.

மறுநாள் ஞானப்பிரகாசம் சார் பஸ் ஏறி வந்தார். அலுவலகத்தை விட்டு அவர் செய்திக்காக வெளியே வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். சேவியரும் கமால் பாயும் வந்திருந்தார்கள். நான்கு பேரும் காவல் நிலையத்துக்குப் போனோம். பத்திரிகை அடையாள அட்டையை எடுக்க வேண்டாம் என்று சார் சொல்லியிருந்தார். மேஜரான பெண் சொந்த அண்ணன்களோடு போயிருக்கிறாள், இதில் என்ன புகார் என்று அங்கே கேட்டார்கள். சட்டப்படி அது நியாயமான கேள்விதான். சார் தன் வழக்கமான குரலில், செய்தி வாசிப்பதுபோலச் சொன்னார்.

"அம்மா செத்துட்டதாச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அம்மா உயிரோட இருக்காங்க. அவ்வளவுதாங்க. எழுதிக்குங்க."

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை, யாருக்கும் போன் செய்யவில்லை. யாராவது வெளியே போகச் சொன்னால், "ரசீது வாங்கிட்டுப் போயிடறோங்க" என்பார். பொழுது சாய்கிறபோது ரசீது கிடைத்தது.

விசாரித்தார்கள். அண்ணன்மார் ஒளியவில்லை. கூட்டி வந்தது உண்மை, பொய் சொன்னதும் உண்மை, குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தோம், பாதி வழியில் விஷயம் தெரிந்ததும் கோபித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டாள், அதன் பிறகு தெரியாது என்றார்கள். இருவரும் தனித்தனியாக, ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். எந்த நிறுத்தத்தில் இறங்கினாள் என்பதில் மட்டும் சின்னவர் சொன்னது மாறியது. அதை வைத்து எதுவும் நிரூபிக்க முடியவில்லை. பெண் மாயம் என்று நான்கு வரிச் செய்தி வந்தது. வழக்கு இன்றுவரை அந்த நான்கு வரியைத் தாண்டவில்லை.

கமால் பாய் மங்கலம்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கிக் காலண்டர்களைக் கழற்றி வாங்கினார். எதற்கு என்று கேட்டவர்களிடம் அச்சுப் பிழை என்று சொன்னாராம். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார் என்னிடம். சார் பக்கத்தில் நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிச்சுங்க" என்று எனக்காக அவர்தான் பதில் சொன்னார். அது முழுப் பதில் ஆகாது என்று மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. பாய் அதன் பிறகு யாருக்கும் அறை விடவில்லை. பெயர்ப்பலகையைச் சேவியர் கழற்றினான். கிழக்குக் கோபுரங்களில் ஒன்று ஒரு புயலில் சாய்ந்தது. பாய் மகளிடம் போய்விட்டார். சேவியர் மட்டும் பின்பக்க ஓட்டு அறையில் இருந்துகொண்டான். அவளுக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான் என்றான்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வகைச் செய்தி தெரியும். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, தண்டவாளத்தில், கரும்புக் காட்டில் அடையாளம் தெரியாத பெண் உடல். வயது இவ்வளவு இருக்கலாம், நிறம், புடவை, தழும்பு. பக்கத்தின் அடியில் இடம் நிரப்பப் போடுவது. அப்படி ஒன்று வந்தால் அன்று காலையில் சேவியர் எனக்குப் போன் செய்வான். நான் போய்ப் பார்த்துவிட்டோ, அங்குள்ள நிருபரிடம் கேட்டுவிட்டோ புருவத்தைப் பற்றிச் சொல்வேன். இல்லையப்பா என்பேன். சரிங்க சார் என்று வைத்துவிடுவான். ஞானப்பிரகாசம் சார் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். நானும் ஓய்வு பெற்றேன். போன் எண்ணை மாற்றவில்லை.

போன மாதமும் கூப்பிட்டான். சேத்தியாத்தோப்புப் பக்கம் வாய்க்காலில் ஓர் உடல். பேப்பர் அவனுக்குக் கிடைக்கவில்லையாம், டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டார்களாம். என்னிடம் இருந்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன்.

"வயசு என்னன்னு போட்டிருக்காங்க சார்?"

"இருபத்தஞ்சு இருக்கலாம்னு போட்டிருக்கு. நான் விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

"வேணாங்க சார், அது அவ இல்ல" என்றான். "அவளுக்கு இப்ப நாப்பத்தொண்ணு ஆவுது."